பழைய கல்வீட்டுக்கு ஹீட் பம்ப் ஸ்பிளிட் ஏசி சரிவருமா? நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் போட்டவங்க சொல்லுங்க

கல்வீட்டுப்பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க நுவரெலியா டவுன்ல இருந்து மேல ஏறுற பக்கம் இருக்கோம், வெள்ளக்காரன் காலத்து குவாட்டர்ஸ், சுவர் ஒன்றரை அடி கருங்கல்லு, கூரை தகரம், உள்ள பலகை சீலிங், அந்தப் பலகையும் சுருங்கி நடுவுல விரல் போற அளவுக்கு இடைவெளி விட்டு நிக்குது. அம்மாவுக்கு எழுபது தாண்டிருச்சு, வீசிங் இருக்கு. ஜூன் ஜூலைல நாள் கணக்கா வெயிலே பாக்காம தூறல்லயே கெடக்கும், அலுமாரியத் திறந்தா சீலையெல்லாம் பூஞ்சணம் புடிச்ச வாடை, அம்மாவோட தலகாணிக்குப் பின்னாடி சுவர்ல கறுப்புப் புள்ளி புள்ளியா வருது, தொடச்சா ரெண்டு வாரத்துல திரும்ப வந்துருது. பெப்ரவரில பகல்ல நல்ல வெயில், ஆனா விடியக்காலம் புல்லு வெள்ளையா உறைஞ்சு கெடக்கும். இப்ப ஒயில் ஹீட்டர் ஒண்ணுதான் ஓடுது. அறை ஒரு மாதிரி சூடாகுது, ஆனா கரண்ட் பில்ல நினைச்சு அம்மாவே எந்திரிச்சு ஓஃப் பண்ணிட்டு கம்பளிக்குள்ள நடுங்கிட்டு கெடக்குறாங்க, அதப் பாக்க முடியல.

கொழும்புல இருக்கிற தம்பி சொல்றான் ஹீட்டும் வர்ற ஸ்பிளிட் ஏசி இருக்கு, அதப் போடு, பில் பாதிக்கும் கீழ வரும்னு. பக்கத்து வீட்டு அக்கா குளிருற ஊர்ல யாராச்சும் ஏசி போடுவாங்களான்னு கேக்குறாங்க. வீடு முழுக்க எல்லாம் வேணாம், அம்மா ரூம் மட்டும் போதும், 14க்கு 16 அடி ரூம், ஒரு மூலைல பழைய பயர்பிளேஸ். தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

ஏசிபாஸ் ஹட்டன்:

தங்கச்சி, உங்க தம்பி சொல்றது சரிதான், ஆனா ஒரு விஷயத்தக் கவனமா பாக்கணும். நம்ம நாட்டுல கடைல நிக்கிறதுல பெரும்பாலானது கூலிங் மட்டும் பண்ற மெஷின். ஹீட் பம்ப்னா அதுக்குள்ள நாலு வழி வால்வ் ஒண்ணு இருக்கும், அது பைப்புக்குள்ள சுத்துற கேஸ் ஓடுற திசைய மாத்தும், அப்ப வெளிய இருக்கிற யூனிட் வெளிக்காத்துல இருந்து சூட்ட உறிஞ்சி உள்ள கொண்டாந்து விடும். வெளிய 5 டிகிரின்னாலும் அந்தக் காத்துல சூடு இருக்கத்தான் செய்யுது, ஏன்னா கேஸ் அதவிடக் குளிரா ஓடுது. கரண்ட் சூட்ட உண்டாக்குறதுக்குப் போகல, சூட்ட இடம் மாத்துறதுக்குத்தான் போகுது, அதனாலதான் ஒரு யூனிட் கரண்டுக்கு மூணு யூனிட், நல்ல நேரத்துல நாலு யூனிட் சூடு கிடைக்குது. ஒயில் ஹீட்டர், கம்பி ஹீட்டர் எதுவா இருந்தாலும் ஒண்ணுக்கு ஒண்ணுதான்.

கடைல ரிமோட்ல சூரியன் படம் இருக்கு, அதனால ஹீட் இருக்குன்னு சொல்லி வித்துருவாங்க, நம்பாதீங்க. ஒரே ரிமோட்ட ரெண்டு வகை மெஷினுக்கும் குடுக்குறாங்க. வெளி யூனிட்டோட பக்கத்துல ஒட்டியிருக்கிற தகட்டப் படிங்க, அதுல கூலிங் கெப்பாசிட்டின்னு ஒரு வரியும் ஹீட்டிங் கெப்பாசிட்டின்னு இன்னொரு வரியும் இருக்கணும். ஹீட்டிங் வரி இல்லன்னா அதுல ஹீட் வராது. கம்ப்ரசர் வேகத்தக் கூட்டிக் குறைச்சு ஓடுற இன்வேர்ட்டர் வகையா இருக்கணும், அதுல பேச்சே இல்ல.

டீமேக்கர் ஐயா பண்டாரவளை:

மகளே, மெஷின் வாங்குறதுக்கு முன்னால கொஞ்சம் பொறுங்க. நான் ஃபெக்டரியில வாழ்நாள் பூரா கொழுந்து வாட்டுனவன். மழை நாள்ல வெளிக்காத்த அப்படியே கொழுந்து மேல விட்டா ராத்திரி முழுக்க ஊதினாலும் வாடாது, அதே காத்த கொஞ்சம் சூடாக்கி விட்டா வாடும். காத்துல இருக்கிற தண்ணி ஒரு சொட்டும் குறையல, காத்து சூடாகும்போது இன்னும் தண்ணி புடிக்கிற சக்தி அதுக்குக் கூடுது, அவ்வளவுதான். உங்க அம்மா ரூமுக்கும் இதே கணக்கு. வெளிய 14 டிகிரி, ஈரப்பதம் நூத்துக்கு 90ன்னு வைங்க, ஜூன் மாசம் நுவரெலியாவுல இது சாதாரணம். அந்தக் காத்த 20 டிகிரிக்கு ஏத்தினா ஈரப்பதம் 60 சொச்சத்துக்கு இறங்கிரும். பூஞ்சணத்துக்கு 80க்கு மேல வேணும், 60ல அது வளராது. ஆகவே உங்களுக்கு வேண்டியது கொதிக்கிற சூடு கெடையாது, விட்டு விட்டு வராம நாள் பூரா நிக்கிற இளஞ்சூடு. இதுல ஹீட் பம்ப் நல்லதுதான், நான் எதிர்க்கல.

ஆனா அந்தச் சூடு எங்க போகுதுன்னு பாருங்க. உங்க ரூம் கிட்டத்தட்ட 20 சதுர மீட்டர். வெளிய 8 டிகிரி, உள்ள 20 வேணும்னா வித்தியாசம் 12. வெறும் தகரம் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 7 வாட் வெளிய விடும். 20ஐ 7ஆலயும் 12ஆலயும் பெருக்குங்க, 1,680 வாட். கூரை வழியா மட்டும்! அதே இடத்துல பலகைக்கு மேல ரெண்டு இஞ்சி கிளாஸ் வூல் விரிச்சா 170 வாட்டுக்குப் பக்கத்துல வந்துரும். இடைவெளி விட்ட பலகை சீலிங் ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ நிக்குது, சூடான காத்து மேல ஏறி அந்த இடுக்கு வழியா தகரத்துக்குப் போயிருது. முதல்ல அத மூடுங்க.

இன்னொண்ணு, கருங்கல்லு சுவர் தடிமனா இருக்கு, அது குளிரைத் தாங்கும்னு நம்மாளுங்க நினைக்கிறாங்க. ஒன்றரை அடி கல்லுச் சுவரும் ஒம்பது இஞ்சி செங்கல் சுவரும் சூட்ட விடுறதுல ஏறக்குறைய ஒண்ணுதான், கல்லு கொஞ்சம் மோசம்னு கூட சொல்லலாம். கல்லுக்குள்ள குணம் என்னன்னா மெதுவா சூடாகும், மெதுவா ஆறும்.

கல்வீட்டுப்பிள்ளை:

ஐயா ரொம்ப நன்றி, கூரை வழியா இவ்வளவு போகும்னு நான் யோசிக்கவே இல்ல. ரெண்டையும் செய்யணும்னாலும் காசு ஒரேயடியா இல்ல. எது முதல்ல, எவ்வளவு மிச்சம்னு யாராச்சும் யூனிட் கணக்குல சொல்ல முடியுமா?

தொரண்டோ குளிர்:

வணக்கம் தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இஞ்ச கனடாவுக்கு வந்து கனகாலம். எங்கட வீடு 1920களில கட்டின செங்கல் வீடு, சுடுதண்ணி ரேடியேட்டர் வீடு, காத்துக் குழாய் ஒண்டும் இல்லை, புதுசா குழாய் விடுறதெண்டால் சுவரெல்லாம் உடைக்க வேணும். அதுதான் டக்ட் இல்லாத ஸ்பிளிட் ஹீட் பம்ப் போட்டனாங்கள். மூண்டு இஞ்சி ஓட்டை ஒண்டு சுவரில, அவ்வளவுதான் சேதம். மைனஸ் 15 இல கூட ஓடுது, ஆனால் அந்தக் குளிரில ஒண்டுக்கு ரெண்டுதான் கிடைக்கும். இந்த நாட்டில மைனஸ் 25 வரைக்கும் ஓடுற மாடல் எல்லாம் வருது, உங்களுக்கு அது தேவையே இல்லை, வீண் செலவு. நோர்வேயில பாதிக்கு மேற்பட்ட வீடுகளில ஹீட் பம்ப்தான், ஆகவே குளிர் ஊருக்கு இது சரிவராது எண்டு ஆரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஐயா சொன்னதை நானும் சொல்லுறன். இஞ்ச அரசாங்கம் 2021 இல ஒரு உதவித்திட்டம் துவங்கினது, 5,000 டொலர் வரைக்கும் தந்தவை. ஆனால் மெஷின் வாங்க முதல் ஒராள் வந்து வீட்டைச் சோதிக்க வேணும், வாசல் கதவில பெரிய ஃபேன் ஒண்டைக் கட்டி காத்தை வெளியில இழுத்து எங்க எங்க இருந்து குளிர் காத்து உள்ளுக்க வருது எண்டு பார்ப்பினம். எங்கட வீட்டில ஜன்னல்தான் பிரச்சினை எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தன், அவர் காட்டினது மாடிக்கு ஏறுற மூடியையும் புகைபோக்கியையும். உங்களிட்ட அந்த ஃபேன் இல்லாட்டியும் பரவாயில்லை, காத்து அடிக்கிற நாள் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி சீலிங் ஓரம், ஜன்னல் கட்டை, கதவடி, பயர்பிளேஸ் எல்லா இடமும் கொண்டு போங்கோ. புகை எங்க இழுபடுதோ அங்கதான் உங்கட காசும் போகுது. அந்த பயர்பிளேஸ் திறந்து கிடந்தால் அறைக்குள்ள இருக்கிற சூடு முழுக்க அதால மேல போகும், இனி நெருப்பு எரிக்கிறதில்லை எண்டால் பலகை ஒண்டை அளவாய் வெட்டி ஓரத்துக்கு ஃபோம் ஒட்டி அடைச்சுப் போடுங்கோ. மேல புகைபோக்கி வாய்க்கு மழை போகாமல் தொப்பி போட்டு சின்னதா காத்து போக விடுங்கோ, இல்லாட்டி உள்ளுக்க ஈரம் கட்டும்.

கணக்குப்பிள்ளை தலவாக்கலை:

யூனிட் கணக்கு நான் சொல்றேன். ஒயில் ஹீட்டர் 2,000 வாட்டுன்னு வைங்க, தெர்மோஸ்டாட் வெட்டி வெட்டி ஓடுறதால சராசரி 1,500. ராத்திரி எட்டு மணி நேரம், 12 யூனிட். மாசம் 360. அதே சூட்ட ஹீட் பம்ப் ஒண்ணுக்கு மூணுன்னு குடுத்தா ராத்திரிக்கு 4, மாசம் 120. வீட்டுல லைட்டு, பிரிட்ஜ், டீவி எல்லாம் சேத்து 90 யூனிட்டுன்னா ஒயில் ஹீட்டரோட 450, ஹீட் பம்போட 210. இப்ப சீலிங்க மூடி சூடு வெளிய போறது மூணுல ஒரு பங்கு குறைஞ்சாலே 120 வந்து 80 ஆகும், மொத்தம் 170.

இந்த 170க்கும் 210க்கும் நடுவுலதான் விஷயமே இருக்கு. நம்ம வீட்டு பில் கட்டம் கட்டமா ஏறுது, 180 யூனிட் தாண்டினா அதுதான் உச்சக் கட்டம், தாண்டுன யூனிட்டுக்கு விலையும் கூட, மாசாந்தக் கட்டணமும் கூட. விலை அடிக்கடி மாறுது, அதனால ரூபாக் கணக்கு எழுதல, உங்க பில்லுக்குப் பின்னாடி இருக்கிற அட்டவணையில போட்டுப் பாருங்க. ரெண்டுல எது முதல்லன்னு கேட்டீங்கல்ல, அந்த ஒரு ரூம் சீலிங்கதான் முதல்ல செய்ங்க, அது மெஷின் விலையில சின்னப் பங்குதான் வரும், ஒயில் ஹீட்டர் ஓடினாலும் அன்னைக்கே பில் இறங்க ஆரம்பிக்கும்.

லயத்துப்பிள்ளை மஸ்கெலியா:

எல்லாரும் பெரிய வீட்டப் பத்தியே பேசுறீங்க, பேசுங்க, தப்பில்ல, ஆனா நம்ம லயக் காம்பராவுல, தோட்டத் தொழிலாளிகளோட வரிசை வீட்டு அறையில, இருக்கிறவங்களுக்கும் இதே குளிர்தான. எங்க லயம் நூறு வருசத்துக்கு மேல பழசு, பத்துக்குப் பன்னெண்டு காம்பரா, அதுக்கு முன்னாடி இஸ்தோப்பு (திண்ணை), பின்னாடி குசினி, கூரை தகரம், சீலிங்னு ஒண்ணு கெடையவே கெடையாது. விடியக்காலம் தகரத்துக்கு உள்பக்கம் தண்ணி கோர்த்து படுத்திருக்கிற புள்ள முகத்துல சொட்டும். அக்கா புள்ளைக்கு எட்டு மாசம், மாறி மாறி சளி. பாட்டி ராத்திரில குசினி அடுப்புல இருக்கிற தணல சட்டில அள்ளிட்டு வந்து கட்டிலுக்குக் கீழ வைக்கிறாங்க. ஏசி எல்லாம் நாங்க நினைக்கிற விஷயம் இல்ல, லயத்துக்கே கரண்ட் கம்பி ஒண்ணுதான் வருது, பொழுது சாஞ்சா லைட்டே மங்கிரும். எங்களால என்ன செய்ய முடியும்னும் யாராச்சும் சொல்லுங்க.

டீமேக்கர் ஐயா பண்டாரவளை:

தம்பி, நீங்க கேட்டதுதான் இங்க முக்கியமான கேள்வி. முதல்ல அந்தத் தணல் சட்டி, இன்னைக்கு ராத்திரியே நிறுத்துங்க. கரி எரியும்போது வர்ற காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்ல வாடையும் இல்ல, கதவு ஜன்னல சாத்தின சின்னக் காம்பராவுல தூங்கிட்டிருக்கும்போது மூச்சுல ஏறி எந்திரிக்க விடாமலே உயிர எடுத்துரும், கைப்புள்ளைக்கு அது இன்னும் சீக்கிரம். பாட்டிகிட்ட பக்குவமா சொல்லுங்க. அதுக்குப் பதிலா சுடுதண்ணிப் போத்தல நல்லா மூடி துணில சுத்தி பாயில வைங்க, பெரியவங்களுக்கு மட்டும், புள்ளைக்குப் பக்கத்துல வேணாம்.

தண்ணி சொட்டுறதுக்குக் காரணம் உங்க மூச்சுக் காத்தும் குசினி ஆவியும் போய் குளிர்ந்த தகரத்துல படுறது. தகரத்துக்கும் காம்பராவுக்கும் நடுவுல ஒரு தட்டு வந்தாலே அது நின்னுரும். ரீப்பை (மெல்லிசு மரச் சட்டம்) அடிச்சு பிளைவூட் இல்லாட்டி சீலிங் சீட் போடுங்க, அதுக்கு மேல முடிஞ்சா கிளாஸ் வூல். லயத்துல பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் நடுச் சுவர் கூரை வரைக்கும் இல்லன்னா நீங்க மூடின சூடு அந்தப் பக்கம் போகும், அதனால லயத்துல நாலு குடும்பம் சேர்ந்து ஒண்ணா செஞ்சா சாமானும் மலிவு, பலனும் கூட.

ஏசிபாஸ் ஹட்டன்:

ஐயா சொன்னதோட ஒண்ணு சேக்குறேன். மலிவுன்னு ரெஜிபோம், அந்த வெள்ளை தெர்மோகோல் தட்ட வாங்கி சீலிங்குக்கு மேல அப்படியே வைக்கிறாங்க, நான் எத்தனையோ வீட்டுல பாக்குறேன். பழைய வீட்டுல கரண்ட் வயர் எல்லாம் கூரைக்குள்ளதான் ஓடுது, ரப்பர் உறை உரிஞ்சு போன வயரு. ரெஜிபோம் ஒரு பொறி பட்டா போதும், கறுப்புப் புகையோட எரியும். கிளாஸ் வூல் எரியாது. போடும்போது கை முழுக்க மூடி முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கங்க, அரிக்கும். அப்புறம் கூரை அஸ்பெஸ்டஸ் சீட்டா இருந்தா அதுல காய்ஞ்ச நிலையில ஓட்டை போடாதீங்க, அறுக்காதீங்க, அந்தத் தூசு நெஞ்சுக்குள்ள போனா காலம் போய் நோயாகும். ரீப்பைய சுவர்ல புடிச்சு அடிங்க, சீட்டத் தொடவே வேணாம்.

லயத்துல லைட்டு மங்குதுன்னா வோல்டேஜ் இறங்குது. 230 இருக்க வேண்டியது பொழுது சாஞ்சா 180, 190ல நிக்கிற தோட்டங்கள் இருக்கு. அங்க மெஷின் போடுறது பத்தி இப்ப யோசிக்க வேணாம் தம்பி, லைன் சரியானாதான் அது.

எல்லப் பக்கம் கெஸ்ட்ஹவுஸ்:

நாங்க ஹப்புத்தளையிலயும் ஒரு பழைய பங்களா எடுத்து நடத்துறோம், அங்க சில ரூம்ல இந்த ஹீட் பம்ப் ஸ்பிளிட் போட்டிருக்கோம். வந்து தங்குறவங்க முதல்ல பயர்பிளேஸ் கேப்பாங்க, ராத்திரி ஆனா இதத்தான் போட்டுக்கிட்டு தூங்குவாங்க. நல்லா இருக்கு, ஆனா ரெண்டு மூணு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன்.

உயரமான சீலிங் வீட்டுல யூனிட்ட வழக்கம்போல மேல உச்சியில மாட்டினா சூடு முழுக்க மேலயே நிக்கும், கீழ கட்டில்ல படுத்திருக்கிறவங்களுக்கு கால் சில்லுனு இருக்கும். மெஷின் அது இருக்கிற உயரத்துல இருக்கிற காத்த அளந்து 20 வந்துருச்சுன்னு தானே குறைச்சுக்கும், கீழ 16தான் இருக்கும். நாங்க ஏழடி உயரத்துக்கு இறக்கி மாட்டி காத்து வர்ற வாயில இருக்கிற தகட்ட நேரா கீழ பாக்க வச்சோம். ரிமோட்டுக்குள்ளயே சென்சர் இருக்கிற மாடலும் வருது, அதுல ரிமோட்ட கட்டில் பக்கம் வச்சா அங்க இருக்கிற சூட்டப் பாத்து ஓடும்.

இன்னொண்ணு, முதல் யூனிட்ட மாட்ட வந்தவங்க பைப்புல இருக்கிற காத்த உறிஞ்சி எடுக்கிற வெக்குயம் பம்பே கொண்டு வரல, கேஸ கொஞ்சம் திறந்து விட்டு பைப்புல இருந்த காத்தத் தள்ளிட்டு அவ்வளவுதான்னு போயிட்டாங்க. அது ஒரு சீசன் கூட ஒழுங்கா ஓடல, சூடு வர மாட்டேங்குது, திரும்ப வேற ஆள் வந்து எல்லாத்தையும் கழட்டி புதுசா செஞ்சாரு. வேலைக்கு வர்றவர்கிட்ட பம்ப் இருக்கான்னு போன்லயே கேட்டுருங்க. பல்லி வெளி யூனிட்டுக்குள்ள போயி சேர்க்கிட் போர்டுல ஒட்டிக்கிட்டு ஷோர்ட் ஆகும், கேபிள் போற ஓட்டைய மூடச் சொல்லுங்க.

ஏசிபாஸ் ஹட்டன்:

எல்லக்காரர் சொன்னது நூறு சதவீதம். நம்ம ஊரு காத்துல ஈரம் கூட, பைப்புக்குள்ள அந்தக் காத்து கொஞ்சம் நின்னாலும் கேஸ், ஒயில் கூட சேர்ந்து உள்ள அரிக்கும், கம்ப்ரசர் போயிரும். பம்ப் போட்டு உறிஞ்சி, நிறுத்தி, கேஜ் முள்ளு திரும்ப ஏறாம நிக்குதான்னு பாத்துட்டுத்தான் கேஸ் திறக்கணும். இப்ப வர்றது பெரும்பாலும் ஆர் 32 கேஸ், அது லேசா தீப்புடிக்கக் கூடியது, பழைய 410ஏ விட சூழலுக்குக் கேடு மூணுல ஒரு பங்குதான். பிளேர் (பைப் நுனிய விரிச்சுப் பொருத்துறது) ஒழுங்கா அடிக்கத் தெரிஞ்ச, என்விகியூ தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிற ஆளாப் பாத்துக் கூப்பிடுங்க.

தங்கச்சி, உங்க ரூம் அளவுக்கு சீலிங்க மூடி பயர்பிளேஸ அடைச்சா 9,000 பிடியு போதும், அதாவது 2.6 கிலோவாட். அப்படியே விட்டுட்டு மெஷின் மட்டும் போட்டா 12,000 போட்டாலும் பெப்ரவரி விடியக்காலம் திணறும். பெருசா வாங்கினா நல்லதுன்னு கடைல சொல்வாங்க, மூடின ரூமுக்கு அது சூடாக்கி நிறுத்தி சூடாக்கி நிறுத்தி ஓடும், நிம்மதியா தூங்க முடியாது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்க காத்து கடற்கரைய விட அஞ்சுல ஒரு பங்கு மெல்லிசு, அதனாலயும் தகட்டுல எழுதியிருக்கிறதவிட கொஞ்சம் குறைச்சலாத்தான் வரும், 9,000ல அதுக்கு இடம் இருக்கு.

இப்ப முக்கியமானது. வெளிய 5 டிகிரிக்குப் பக்கம், காத்துல ஈரம் நிறைய, இதுதான் ஹீட் பம்புக்குக் கஷ்டமான காலநிலை. காய்ஞ்ச மைனஸ் குளிரு கூட பரவாயில்ல. வெளி யூனிட்டுல சூட்ட உறிஞ்சுற தகடு பூச்சியத்துக்குக் கீழ போய் காத்துல இருக்கிற ஈரம் அதுல உறைஞ்சு வெள்ளையா அடைச்சுக்கும். அப்ப மெஷின் தானா சூட்ட அந்தப் பக்கம் திருப்பி உருக்கும், அஞ்சு பத்து நிமிசம் உள்ள ஃபேன் நின்னுரும், வெளிய யூனிட்டுல இருந்து ஆவி புகை மாதிரி கிளம்பும். நெருப்புப் புடிச்சிருச்சுன்னு பயந்து மெயின் சுவிட்ச போய் ஓஃப் பண்ணாதீங்க, அம்மாகிட்டயும் முன்னாடியே சொல்லி வைங்க. உருகின தண்ணி கீழ ஊத்தும், அதனால வெளி யூனிட்ட பிராக்கெட்டுல உயர்த்தி மாட்டணும், நடக்கிற படிக்கு நேர் மேல மாட்டவே கூடாது, அந்த இடத்துல பாசி புடிச்சு பெரியவங்க வழுக்கி விழுவாங்க.

கரண்டுக்கு போர்டுல இருந்து தனி வயர், தனி பிரேக்கர், எர்த் சரியா இருக்கணும், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதான்னு பட்டன அமத்திப் பாருங்க. ஏப்ரல்லயும் ஒக்டோபர்லயும் இடி மின்னல் பலமா இருக்கும், சேர்ஜ் புரொடெக்டர் போடுறது நல்லது, இடி நேரம் பிரேக்கர இறக்கி வைங்க.

டீமேக்கர் ஐயா பண்டாரவளை:

மெஷின எந்நேரமும் ஓட விடணுமா, தேவைப்படும்போது மட்டும் போடணுமான்னு அடுத்த கேள்வி வரும். கல்வீட்டுல விட்டு விட்டுப் போடாதீங்க. சுவர் சூடாக மணிக்கணக்காகும், காத்து மட்டும் சூடாகி சுவர் குளிரா நின்னா அந்தக் கறுப்புப் புள்ளி போகவே போகாது. ஜூன் ஜூலைல 19ல வச்சு ராப்பகலா மெதுவா ஓட விடுங்க.

கணக்குப்பிள்ளை தலவாக்கலை:

ஐயா, மரியாதையோட சொல்றேன், ராப்பகலா ஓடினா என் கணக்கு உடைஞ்சிரும். எட்டு மணி நேரத்துக்குத்தான் 80 யூனிட். பகல்லயும் ஓடினா சந்தேகமில்லாம 180 தாண்டும். ஜனவரி பெப்ரவரில பகல் வெயில் இருக்கு, பதினொரு மணிக்கு ஜன்னலத் திறந்து வெயில உள்ள விட்டு மூணரை நாலுக்குச் சாத்திட்டா கல்லு வாங்கின சூடு ராத்திரி வரைக்கும் கொஞ்சம் இருக்கும், அப்புறம் மெஷின் போட்டா போதும். ராப்பகலா ஓட்டுறது அந்த மழை மாசங்களுக்கு மட்டும் வைங்க, அந்த மாசம் பில் ஏறத்தான் செய்யும்.

டீமேக்கர் ஐயா பண்டாரவளை:

சரி, ஒத்துக்கிறேன், வெயில் மாசத்துக்கு நீங்க சொல்றது சரிதான். மழை மாசத்துல பகலுக்கு 17ல வச்சா போதும், சுவர் காய்ஞ்சு இருந்தா அதுவே பெரிய காரியம். ரூமுக்குள்ள ஈரத் துணிய மட்டும் காயப்போடாதீங்க, ஒரு கூடைத் துணில ரெண்டு லீட்டர் தண்ணி இருக்கும், அது முழுக்க உங்க சுவருக்குத்தான் போகும். எங்க பண்டாரவளைப் பக்கம் ஜூன் ஜூலை மழை இல்லாத காய்ஞ்ச காலம், காத்துதான் பலம், எங்களுக்கு ராத்திரில ஒரு மணி நேரம் போட்டா போதும். பதுளைல இருக்கிறவங்களுக்கு பகல்ல கூலிங்கும் வேணும், அதே மெஷின்ல ரெண்டும் கிடைக்குது. ஊருக்கு ஊர் மாறும், வட்டவளைல வருசத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல மழை, அங்க ஈரத்தப் பாக்கணும், குளிர் ரெண்டாவது.

கல்வீட்டுப்பிள்ளை:

எல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ஒரு சந்தேகம், குளிர்காலத்துக்கு ஹீட்டுன்னா மழைக்காலத்துக்கு ரிமோட்ல டிரை மோட் இருக்கே, அதப் போட்டா ஈரம் போகாதா?

ஏசிபாஸ் ஹட்டன்:

போடாதீங்க. டிரை மோட்னா கூலிங்கதான் மெதுவா ஓட்டுது, ரூம் ஏற்கனவே 15ல இருக்கும்போது இன்னும் குளிரும், உள் யூனிட்டுல ஐஸ் புடிக்கும், ஈரமும் பெருசா எடுக்காது. கொழும்புக்குத்தான் அது. உங்க ஊருக்கு ஹீட்தான் போடணும்.

லயத்துப்பிள்ளை மஸ்கெலியா:

தணல் சட்டிய பாட்டி குடுத்துட்டாங்க, நேத்து இருந்து சுடுதண்ணிப் போத்தல்தான். லயத்துல ஆறு வீடு சேர்ந்து சீலிங் போடுறதுன்னு பேசியிருக்கோம், தோட்டத்து ஒபீஸ்லயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் செய்யணும். ஐயா, பிளைவூட் எத்தன மில்லி வாங்குறது?

டீமேக்கர் ஐயா பண்டாரவளை:

4 மில்லி போதும் தம்பி, ரீப்பைய ரெண்டடிக்கு ஒண்ணா அடிங்க, கிளாஸ் வூல் கனம் கொஞ்சந்தான். குசினிப் பக்கம் மூடாதீங்க, அங்க புகையும் ஆவியும் வெளிய போகணும், காம்பராவுக்கும் குசினிக்கும் நடுவுல கதவு இருந்தா ராத்திரி சாத்திக்கங்க. ஓரத்துல இடுக்கு விட்டா அது வழியா ஆவி மேல ஏறி திரும்ப தகரத்துல கோர்க்கும், ஓரத்த சிலிக்கன் வச்சு அடைங்க. ஆறு வீட்டுக்கும் சேத்து அளவெடுத்து இங்க போடுங்க, எத்தன சீட்டு வெட்டணும்னு நான் கணக்குப் பண்ணித் தர்றேன்.

கல்வீட்டுப்பிள்ளை:

நாங்களும் இந்த மாசம் சீலிங்கும் பயர்பிளேஸும்தான். சீலிங் வேலை செய்ற பாஸ் ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போயிருக்காரு, பலகைய கழட்டாம மேல ஏறி கிளாஸ் வூல் விரிக்கலாம்னு சொல்றாரு, கூரைக்குள்ள வயர் மாத்துற வேலையையும் அப்பவே முடிச்சிரலாம்னு இருக்கோம். மெஷின் சித்திரை சீசன் முடிஞ்சு, மழை தொடங்குறதுக்குள்ள. ஏசிபாஸ் அண்ணே, நுவரெலியா வரைக்கும் வருவீங்களா? வெளி யூனிட்ட பின்பக்கம் மாட்டலாம்னு பாக்குறோம், அங்க படி இல்ல, ஆனா தேயிலப் பக்கம் இருந்து காத்து நேரா அடிக்கும்.

ஏசிபாஸ் ஹட்டன்:

வர்றேன் தங்கச்சி. காத்து நேரா ஃபேனுக்குள்ள அடிச்சா அது சுத்த கஷ்டப்படும், யூனிட்ட காத்துக்குப் பக்கவாட்டுல திருப்பி மாட்டினா சரி, சுவருக்கும் யூனிட்டுக்கும் நடுவுல ஒரு சாண் விடணும். பின்பக்கச் சுவர போட்டோ எடுத்து அனுப்புங்க, அம்மா கட்டில் எந்தப் பக்கம் இருக்குன்னும் சொல்லுங்க, அதப் பாத்துட்டுத்தான் உள் யூனிட்டுக்கு இடம் முடிவு பண்ணணும், காத்து நேரா நெஞ்சுல அடிச்சா வீசிங் உள்ளவங்களுக்கு ஆகாது. கல்லுச் சுவர்ல ஓட்டை போட கோர் கட்டர் கொண்டு வரணும், அதுக்கு அரை நாள் தனியா எடுக்கும்.